நிழலுக்கு ஒரு சொல், செருப்புக்கு ஒரு சொல்

ஜூன் 4, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற ரிஸ்வானா என்ற பெண் இன்று எனக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனாள். செண்பகம் வாயிலிருந்து என்ன வந்தாலும், சொல்லோ அரைச் சொல்லோ வெறும் முனகலோ, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். "அங்கிள், நீங்க நினைக்கிறத எழுதாதீங்க. அவங்க சொல்றத மட்டும் எழுதுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரியென்று தலையாட்டிவிட்டேன். செண்பகம் ஒன்றும் சொல்லாத நாளில் வெறும் தேதியை மட்டும் எழுதிவிட்டு மூடி வைக்க என்னால் முடியாது. அதனால் நான் நினைப்பதையும் எழுதத்தான் போகிறேன்.

நான் சங்கரநயினார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். எரிந்துபோன மோட்டாரைக் கழற்றி, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுக்கிற தொழில். மனைவி செண்பகவல்லி பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிரீஸ் படிந்த கைக்கு இங்கிலீஷ் எப்படி வந்து வாய்த்தது என்று கல்யாணத்தன்றே பந்தியில் பேசிக்கொண்டார்கள். அவள் என் மாமன் மகள். முறைப்பெண். கதை அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. யாரும் புழங்காத இங்கிலீஷ் சொற்களைத் தேடிப் பிடிப்பாள். பொருள் தெரிந்தால் போதாது. அது எந்தப் பாஷையில், என்ன சங்கதியில் பிறந்தது என்று பார்த்தால்தான் சோறு இறங்கும். "அத்தான், இந்தச் சொல்லு எங்க பிறந்துச்சுன்னு தெரியுமா?" என்று சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பாள். "எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்பேன். முறைத்துவிட்டு, அப்புறமும் சொல்லுவாள். நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்பேன். பாதி காதில் விழும்.

சித்திரை முடிகிற நேரத்தில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது புரிகிறது. கையால் காட்டவும் சரிவரவில்லை. தண்ணீரைக் காட்ட நினைத்தால் விரல் காலண்டருக்குப் போகிறது. அவளுக்கே அது பொறுக்காமல் கையை மடியில் அடித்துக்கொள்கிறாள்.

இன்று சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் எதிரே உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். அன்று கொடிக்கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்தாளே, தலை கல்லில் அடிபடாமல் விழுந்தாளே, அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சத்தம் இல்லை. பால் திரிந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பேசிவிட்டாள்!

காலையில் உப்புமாத் தட்டை முன்னால் வைத்தேன். ஒரு வாய் வாங்கினாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெளிவாக, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் ஒரு சொல்லைச் சொன்னாள். ரயில் போகிற மாதிரி நீளமாக இருந்தது. "என்னளா சொன்ன? இன்னொரு மட்டம் சொல்லு" என்று கெஞ்சி, அவள் திரும்பச் சொன்னதைப் போனில் பதிவு செய்து எப்சிபா டீச்சருக்கு அனுப்பினேன். எப்சிபா அவளோடு அதே கல்லூரியில் வேலை பார்த்தவர். இந்தச் சொல் வேட்டையில் அவளுக்கு ஒரே கூட்டாளி.

உடனே போன் வந்தது. டீச்சர் அழுகிறார். அழுகைக்கு நடுவே சிரிக்கிறார். "அண்ணாச்சி, அது டிஃபெனஸ்ட்ரேஷன்! ஒரு ஆள ஜன்னல் வழியா தூக்கி வெளிய எறியறதுக்கு அந்தப் பேரு. எங்கயோ ஒரு தேசத்துல கோவத்துல அதிகாரிகள அப்படித் தூக்கிப் போட்டிருக்காங்க."

நான் உப்புமாவைப் பார்த்தேன். கட்டி தட்டித்தான் போயிருந்தது. அதற்காகத் தூக்கியா எறிவார்கள்? எறியட்டும். வாய் திறந்து சொன்னாளே, அது போதும்.

சென்னையில் இருக்கிற மகள் சுபத்ராவுக்குப் போன் போட்டேன். அவளும் ஒரு பாட்டம் அழுதாள். "அப்பா, உங்கள ஏதாவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு அது ஒரு கேள்வி. பேச்சு வந்திருக்கிறது, அதைப் பார்க்காமல்.

ஜூன் 11, புதன்

இன்று சாயங்காலம் வரை நான் பட்டபாடு பெரும்பாடு.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில், "அம்ப்ரேஜ்" என்றாள். இந்தத் தடவை நானே அவளுடைய அகராதியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடிப் பிடித்தேன். மனத்தாங்கல், ஆத்திரம், அவமதித்துவிட்டதாக எண்ணிக் கோபப்படுவது என்று இருந்தது. என்மேல் என்ன கோபம்? காலையில் தலை சீவும்போது சிக்கை இழுத்துவிட்டேனா? ரிஸ்வானாவிடம் சத்தமாகப் பேசினேனா? "என்ன தப்பு செஞ்சேன், சொல்லு" என்கிறேன். அவள் "அம்ப்ரேஜ், அம்ப்ரேஜ்" என்கிறாள், குரல் ஏறிக்கொண்டே போகிறது, கண்ணில் தண்ணீர். ஓடிப்போய் மல்லிகைப்பூ வாங்கிவந்து தலையில் வைத்தேன். பூவைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

வேறு வழி தெரியாமல் எப்சிபா டீச்சரை வரச் சொன்னேன். குடையை மடக்கிக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கோவம்னுதான் அர்த்தம், அண்ணாச்சி. ஆனா அந்தச் சொல்லு லத்தீன்ல அம்ப்ரா. அப்படின்னா நிழலு. ஒருத்தரு மேல நிழலு விழுந்தாப்புல மனசு கறுத்துப் போறது. குடைக்கு அம்ப்ரெல்லான்னு பேரு வந்ததும் அதுலருந்துதான்" என்று கையிலிருந்த குடையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் போன வாரம் முருங்கையை வெட்டிவிட்டார்கள். மேற்கு வெயில் நேராக வந்து அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நகரவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஓடிப்போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

முகம் அப்படியே தளர்ந்துவிட்டது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்.

டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "டீச்சர், அன்னைக்கு அந்த ரயிலு மாதிரி ஒண்ணு சொன்னாளே, அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஃபெனெஸ்ட்ரா" என்றவர், வாயைப் பொத்திக்கொண்டார். "ஜன்னல், அண்ணாச்சி. லத்தீன்ல ஜன்னல்."

குற்றாலத்துப் பக்கம் சாரல் ஆரம்பித்து, அந்த உப்புமா அன்று காலையில்தான் குளிர்ந்த காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். நான் உப்புமாவை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீச்சர் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வேற்று வீட்டுப் பெண்ணின் கையை அப்படியெல்லாம் பிடிக்கிற வழக்கமில்லை. அவரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12, வியாழன்

ரிஸ்வானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். "எனக்கும் புதுசா இருக்கு அங்கிள். நாம தினமும் புழங்குற சொல்லெல்லாம் மூளையில இருந்த பக்கம் அடிபட்டிருக்கலாம். இவங்க பெரிய வயசுல தேடித் தேடிச் சேர்த்தது வேற வழியா வருது போல. ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றாள். அடித்துச் சொல்லாத ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஜன்னல் என்று சொல்ல நினைக்கிறாள். தமிழும் வரவில்லை, சின்ன இங்கிலீஷும் வரவில்லை. ஜன்னலை வயிற்றுக்குள் வைத்திருக்கிற ஒரு பெரிய சொல் வந்து கையில் அகப்படுகிறது. அதையே எடுத்து நீட்டிவிடுகிறாள். நான் வெளியே ஒட்டியிருக்கிற லேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ஆகாது, மோட்டாரைக் கழற்றுகிற மாதிரி கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பழக்கம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

"அல்ட்ராகிரெப்பிடேரியன்."

இதற்கு எப்சிபா டீச்சரே அரைமணி நேரம் அவகாசம் கேட்டார். தனக்குத் தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைத்து அபிப்பிராயம் சொல்லுகிற ஆள் என்று பொருளாம். சுருக்கென்றது. கொஞ்சம் முன்னால்தான் ரிஸ்வானாவுக்குப் பயிற்சி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கழத்திச் சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

முன்காலத்தில் ஒரு ஓவியன் படத்தை வெளியே வைத்தானாம். செருப்புத் தைக்கிறவன் வந்து, படத்திலிருக்கிற செருப்பில் வார் தப்பாயிருக்கிறது என்றானாம். ஓவியன் திருத்திவிட்டான். மறுநாள் அவனே வந்து, காலும் சரியில்லை என்று ஆரம்பித்தானாம். நீ செருப்போடு நில், அதற்கு மேலே வராதே என்று ஓவியன் சொல்லிவிட்டானாம். "கிரெப்பிடான்னா செருப்பு, அண்ணாச்சி!"

தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். ஈரம். அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பை எடுத்துவந்து காலில் மாட்டினேன். மாட்டும்போது என் தலையில் கையை வைத்தாள். பிடிமானத்துக்காக இருக்கலாம்.

ஆனாலும் அந்தப் பொருளும் எனக்குப் பொருந்தித்தான் இருந்தது. இனி ரிஸ்வானாவுக்கு யோசனை சொல்லுவதில்லை.

ஜூன் 19, வியாழன்

"டேண்டிலயன்." ஏதோ மஞ்சள் பூவாம், நான் பார்த்ததில்லை. பிரெஞ்சில் சிங்கத்தின் பல் என்று சொல்லப்போய் இப்படி ஆகிவிட்டதாம். சிங்கத்தைத் தள்ளினேன், பல் மிஞ்சியது. கடைவாயில் ஈறு வீங்கியிருக்கிறது. பல் டாக்டரிடம் ஆட்டோவில் போய்வந்தோம்.

சாயங்காலம் "கர்ஃப்யூ, கர்ஃப்யூ" என்று கத்தினாள். ஊரடங்கு போட்டுவிட்டார்களா என்று ஒரு நொடி வாசலைப் பார்த்தேன். அதற்குள் எனக்கே கருகல் வாடை வந்துவிட்டது. சொதிக் குழம்புக்கு வைத்த தேங்காய்ப்பால் அடிப்பிடித்து, கைப்பிடித் துணியில் தீப்பற்றிவிட்டது. அணைத்துவிட்டு டீச்சரிடம் கேட்டால், நெருப்பை மூடி வை என்று பிரெஞ்சில் சொல்வதுதான் அந்தச் சொல்லாம். அவள் பேசியிராவிட்டால் வீடு என்ன ஆகியிருக்கும்! இன்று நன்றி சொல்ல வேண்டியது சாமிக்கு இல்லை, அவளுக்கு. சொன்னேன். பெரிய மனுஷி மாதிரி தலையசைத்து ஏற்றுக்கொண்டாள்.

ஜன்னல், நிழல், செருப்பு, பல், நெருப்பு. வீட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல் கிடைத்துக்கொண்டு வருகிறது. கிடைக்கட்டும். ஆட்களுக்குப் பிறகு வரும். அவசரம் ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சுபத்ரா வந்திருக்கிறாள். பெட்டியை வைத்த கையோடு அம்மா மடியில் தலை வைத்துக்கொண்டாள். செண்பகம் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சுபத்ரா விளையாட்டுப் போல, "அம்மா, இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியது. அப்புறம் கண் கலங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வெங்காயம் நறுக்க எழுந்து போய்விட்டேன். சுபத்ரா பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள்.

"அப்பா, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு உங்கள அடையாளம் தெரியலையோன்னு பயமா இருக்கு."

"அதெல்லாம் தெரியும். சொல்லு வரல, அவ்வளவுதான்."

"ஜன்னலுக்கு வருது, செருப்புக்கு வருது. உங்களுக்கு வரலையேப்பா. நான் சொல்றத கேளுங்க. அம்மாவ சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல நாள் பூரா இங்கிலீஷ்தான். அம்மாவுக்கு வர்ற பாஷையும் அதுதான். இங்க ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்க போன் போட்டுக் கேக்குறீங்க. அது வரைக்கும் அம்மா காத்துட்டு இருக்காங்க. நீங்களும் வாங்க, நான் வேண்டாம்னா சொல்றேன்?"

சொல்வதில் தப்பில்லை. என் மகள் நியாயமாகப் பேசக்கூடியவள். ஒன்றாம் தேதி பெரிய டாக்டர் செண்பகத்தைச் சோதித்துப் பார்க்கிறார். வீட்டாரை அடையாளம் தெரிகிறதா, எங்கே இருந்தால் நல்லது என்று அவர் சொல்லுகிறபடி செய்வோம் என்று பேசி முடித்தோம். அவர் போகச் சொன்னால் அவள் போக வேண்டியதுதான். நானும் பின்னாலேயே போய், இங்கிலீஷ் பேசுகிற வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெங்காயம் இன்று ரொம்பக் காரம்.

ஜூன் 24, செவ்வாய்

கல்யாண ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்து பார்த்தேன். ரிஸ்வானாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். என் படத்தைக் காட்டி, "அத்தான். சொல்லு. அத்...தான்" என்றேன். வாயைத் திறந்து பார்க்கிறாள், காற்றுதான் வருகிறது. "ஹஸ்பண்ட்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஹஸ்பண்ட் எங்கே பிறந்தது என்று டீச்சரிடம் கேட்டு வைத்திருந்தேன். வடக்கே குளிர் தேசத்துப் பழைய பாஷையிலிருந்து வந்ததாம்; வீட்டில் குடியிருக்கிறவன் என்று அர்த்தமாம். "பாத்தியா, கடைய மூடிட்டு வீட்டோட கிடக்கேன். முழு ஹஸ்பண்டு நான்தான்" என்றேன்.

சிரித்தாள். விழுந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் வரச் சிரித்தாள். முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது, இருந்தாலும் அது அவள் சிரிப்பேதான். ரிஸ்வானா சொன்னபடி எழுதி வைக்கிறேன்: இன்றைய சத்தம், சிரிப்பு.

ஜூன் 26, வியாழன்

காலையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். செண்பகம் என்னை நேராகப் பார்த்து, "ஹிப்போபொட்டாமஸ்" என்றாள்.

இதற்கு அகராதி வேண்டியதில்லை. நீர்யானை. சுபத்ரா காபி புரையேறச் சிரித்தாள். நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். வீட்டோடு கிடந்ததில் வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருப்பது வாஸ்தவம்தான், அதற்காக மகள் முன்னாலா சொல்லுவது! எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒருவேளை இதுதான் இவள் எனக்காக எடுத்து வைத்திருக்கிற சொல்லோ என்றும் யோசனை ஓடியது. அப்படியானால் அதுவும் சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சுபத்ராவே போனில் பார்த்தாள். "கிரேக்க பாஷைப்பா. ஹிப்போஸ்னா குதிரை. பொட்டமோஸ்னா ஆறு. ஆத்துக் குதிரை."

குதிரைக்கு நான் எங்கே போவேன்? ஆறு இருக்கிறது.

"ஆத்துக்குப் போணுமா?" என்று கேட்டேன். செண்பகம் கண்ணை மூடித் திறந்தாள்.

ஆட்டோவைக் கூப்பிட்டுக் குறுக்குத்துறைக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் உட்காரவைத்து, நான் பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள, சுபத்ரா அவள் காலிரண்டையும் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். மீன்குஞ்சுகள் வந்து காலைக் கொத்தின. செண்பகம் என் நெஞ்சில் சாய்ந்துகொண்டு, வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். என் முதுகு ஒடிந்துபோயிற்று. எழுந்திருக்க மனமில்லை.

திரும்பி வரும்போது சுபத்ரா, "நான் சிரிச்சிட்டு விட்டிருப்பேன்ப்பா" என்றாள். சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. சென்னைக்கு டிக்கெட் இரண்டா மூன்றா என்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது.

டாக்டர் நல்ல மனுஷர். எழுந்துவந்து செண்பகத்தின் நாற்காலியைத் தானே சரிசெய்தார். ரிஸ்வானாவும் வந்திருந்தாள். மேஜையில் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். சாவி, சீப்பு, கடிகாரம். சாவிக்கு ஒன்றும் வரவில்லை. சீப்புக்கும் இல்லை. கடிகாரத்துக்கு ஏதோ நீளமாகச் சொல்லப்போய்ப் பாதியில் நின்றுவிட்டது. வியர்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு குழாயோ குடமோ இருந்தால் முகத்தைக் கழுவிவிட்டிருப்பேன். டாக்டர் குறிப்பு எழுதிக்கொண்டே போனார். சுபத்ரா என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

"சரிம்மா, படம் போதும்" என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, டாக்டர் பேனாவால் என்னைக் காட்டினார். "இவரு யாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்தபிறகு எனக்கு உட்கார முடியவில்லை. பரீட்சை எனக்குத்தான் என்கிற மாதிரி எழுந்து நின்றுவிட்டேன். செண்பகம் என்னைப் பார்த்தாள். அன்று வீட்டில் பார்த்த அதே பார்வை. உதடு பிரிந்தது, மூடியது. கடவுளே, இவள் சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும், சொல்லக்கூட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையில் வேண்டிக்கொண்டது அதுதான்.

திரும்பவில்லை. மூச்சை இழுத்து, ஒவ்வொரு அசையாகத் தள்ளிக்கொண்டு சொன்னாள்.

"மரிட்டிசைட்."

டாக்டர் பேனா நின்றுவிட்டது. சுபத்ரா "அம்மா!" என்றாள். எனக்கு என்னவென்று தெரியவில்லை. ரிஸ்வானா போனில் தட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. வீட்டுல உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது மனவருத்தமா?"

"ஏன், என்ன சொல்லுதா?"

"கணவனைக் கொலை செய்யறதுக்கு அந்தப் பேரு."

சுபத்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கென்றால், எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"டாக்டர், அர்த்தத்த விடுங்க. அதக் கழத்திச் சொல்லுங்க. உள்ள என்னென்ன இருக்கு?"

"கழட்டியா?"

"ரெண்டாப் பிரிச்சு."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார். "சைட்னா கொல்றது. பூச்சி மருந்துல எல்லாம் வருமே, அது."

"அதத் தள்ளுங்க. முன்னாடி?"

டாக்டருக்கு அது தெரியவில்லை. ரிஸ்வானாவிடம் திரும்பினார். ரிஸ்வானா போனைப் பார்த்தாள். படித்தாள். அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அங்கிள், மரீட்டஸ். லத்தீன்ல..."

"சொல்லும்மா."

"புருஷன்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில், நாலு பேர் முன்னால், சட்டை நனைகிற மாதிரி அழுதேன். இத்தனை நாளும் அவசரமில்லை, ஆட்களுக்குப் பிறகு வரும் என்று இதில் எழுதிக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் சும்மா. ஜன்னலைவிட, செருப்பைவிட நான் கீழாகப் போய்விட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் வெந்துகொண்டுதான் இருந்தேன். இவள் என்னை மறந்துவிட்டால் மிச்சம் இருக்கிற நாளை நான் என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவளோ என்னைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். கிடைத்த சொல்லில் கொலை ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

செண்பகத்துக்குப் பொறுமை போய்விட்டது. மண்டையில் ஏறாத மாணவியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, இன்னொரு தடவை, அழுத்தமாகச் சொன்னாள். "மரிட்டிசைட்."

"ஆமாளா, நான்தான்" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லுகிறது புரிகிற இடத்தில் இருப்பதுதான் இவர்களுக்கு மருந்து, எங்கேயும் மாற்ற வேண்டாம், இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றார். சுபத்ரா வெளியே வந்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நானும் கத்துக்கிறேன்ப்பா" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

சுபத்ராவை நேற்று ரயிலேற்றிவிட்டேன். மாதம் ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வருவாள்.

எப்சிபா டீச்சர் காலையில் வந்து, வேலூரிலோ எங்கோ இருக்கிற தம்பிக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியாகிவிட்டது என்றார். என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. தெருவுல இங்கிலீஷ் படிச்ச யாராவது போகும்போது அவ இப்படிக் கத்தினான்னா போலீசுக்குச் சொல்லிருவாங்க" என்று சிரித்தார். சொல்லட்டும். போலீஸ் வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுத்து, லத்தீனில் விளக்கிச் சொல்லுவேன்.

பத்து மணிவாக்கில் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, தெருவுக்கே கேட்கிற குரலில், வகுப்புக் குரலில், செண்பகம் என்னைக் கூப்பிட்டாள். "மரிட்டிசைட்!"

அடுப்பைக் குறைத்துவிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்று ஓடினேன்.